லைட் எரிகிறது, ஒரு பக்கம் கேட்கவில்லை: ஒருவழி இணைப்பைப் பிடிக்க எதைப் போடுவது?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு ஹோட்டல். அலுவலகம், சாப்பாட்டுக்கூடம், கபானாக்கள் (கடற்கரைக் குடில்கள்) என்று மூன்று இடத்தில் மூன்று நெட்வேர்க் சுவிட்ச். ஒரு வழி அறுந்தால் மற்ற வழியால் போகட்டும் என்று முக்கோணமாக ஃபைபர் இழுத்திருந்தார்கள். போன மாரியில் ஓர் இரவு அந்த முக்கோணமே மொத்த நெட்வேர்க்கையும் விழுத்திவிட்டது. வைஃபை இல்லை, கேமரா இல்லை, வரவேற்பறையில் பில் அடிக்க முடியவில்லை.

"தம்பி, லைட் எல்லாம் பச்சையாத்தான் எரியுது. ஆனா பேய் பிடிச்ச மாதிரி மின்னுது" என்றார் மனேஜர் தொலைபேசியில். எல்லாப் போர்ட்டும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னினால் அது லூப், அதாவது ஒரே செய்தி வெளியேற வழியில்லாமல் வளையத்தில் சுற்றுவது. பாதி விடை அந்த ஒரு வசனத்திலேயே வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு மழைக்குள் உப்புவெளி தாண்டிப் போக வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்கூடத்துக்கும் கபானாவுக்கும் இடையில் ஒற்றை இழை ஃபைபர். இரு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர், ஃபைபரின் ஒளியைச் செப்புக் கேபிளுக்கு மாற்றும் சிறு பெட்டி. ஒரே இழையில் ஒரு திசைக்கு 1310 நானோமீற்றர் ஒளி, மறு திசைக்கு 1550. கபானா அலுமாரிக்குள் யாரோ கேபிள் டையை இறுக்கிக் கட்டியதில் மஞ்சள் பட்ச் கோட், அதாவது குட்டை ஃபைபர் வயர், மடங்கிப் போயிருந்தது. வளைவில் நீண்ட அலைநீளம்தான் முதலில் கசியும். எனவே 1550 செத்துவிட்டது, 1310 உயிரோடு இருந்தது. கபானா பேசுவது சாப்பாட்டுக்கூடத்துக்குக் கேட்கிறது, சாப்பாட்டுக்கூடம் பேசுவது கபானாவுக்குக் கேட்கவில்லை. தொலைபேசியில் "ஹலோ, நான் கதைக்கிறது கேக்குதா?" என்று கத்துவோமே, அதே நிலைமை.

கன்வேர்ட்டரில் ஃபைபர் லைட் அணைந்துதான் இருந்தது. ஆனால் அதன் முகம் சுவர்ப்பக்கம். எல்லோரும் பார்த்தது சுவிட்சை. சுவிட்சுக்கும் கன்வேர்ட்டருக்கும் இடையில் உள்ள அரை மீற்றர் செப்புக் கேபிளுக்கு ஒரு குறையும் இல்லாததால் அங்கே பச்சை.

பிறகு நடந்தது, லூப்பைத் தடுக்கச் சுவிட்சுகள் தமக்குள் நடத்தும் ஸ்பானிங் ட்ரீயின் வேலை. முக்கோணத்தில் லூப் வராமலிருக்க, கபானா சுவிட்ச் சாப்பாட்டுக்கூடத்தை நோக்கிய தன் போர்ட்டை மூடி வைத்திருந்தது. அது மூடியே இருப்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து 2 செக்கனுக்கு ஒருமுறை பிபிடியு என்ற ஸ்பானிங் ட்ரீச் செய்தி வந்துகொண்டிருக்க வேண்டும். வருவது நின்றது. 20 செக்கன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஆள் இல்லைபோல" என்று முடிவெடுத்து, 15 கேட்டல், 15 கற்றல் என்று மொத்தம் 50 செக்கனில் போர்ட்டைத் திறந்துவிட்டது. கபானாவிலிருந்து சாப்பாட்டுக்கூடம், அங்கிருந்து அலுவலகம், அங்கிருந்து மறுபடி கபானா என்று பிரோட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. ஒருவழி இணைப்பு வெறும் அறுந்த இணைப்பைவிட மோசம் என்பது இதனால்தான். முழுதாக அறுந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அன்றிரவுக்குப் பிறகு இரண்டு மூன்று நண்பர்கள், "அண்ணே, யூடிஎல்டி போட்டா சரிதானே?" என்று கேட்டார்கள். ஒருவழி இணைப்பைக் கண்டுபிடித்துப் போர்ட்டை மூடும் சுவிட்ச் வசதி அது. சில இடத்தில் சரி. சில இடத்தில் அதுவே தலையிடி. எதைப் போடுவது என்பதற்கு முன், கேபிளும் போர்ட்டும் தாமாகவே எதைப் பிடித்துவிடும் என்று பார்த்துவிடுவோம்.

செப்பில் கவலை குறைவு. கிகாபிட் செப்பில், அதாவது 1000பேஸ்-டியில், நாலு சோடி வயரும் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரு திசைக்கும் வேலை செய்கிறது. ஒரு வயர் போனால் இரு பக்கமும் சேர்ந்தே விழும், அல்லது 100 மெகாபிட்டுக்கு இறங்கும். ஒருவழி என்ற நிலை கேபிளால் வருவது அபூர்வம். பழைய 100பேஸ்-டிஎக்ஸில்தான் அனுப்ப ஒரு சோடி, வாங்க ஒரு சோடி. அங்கும் ஆட்டோ நெகோஷியேஷன், அதாவது வேகத்தை இரு பக்கமும் தாமே பேசி முடிவெடுக்கும் வசதி, இயங்கினால் தப்பலாம். கேட்காத பக்கம் மறுபடி பேச்சுவார்த்தைத் துடிப்புக்குப் போகும், மற்றப் பக்கம் அதைக் கண்டு தானும் விழும். ஆனால் இரு பக்கமும் "100 ஃபுல்" என்று கட்டாயப்படுத்தி வைத்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் பச்சையாகவே நிற்கும். பழைய பிரிண்டர், வாசல் கேமரா, சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என்று இப்படிப் பூட்டி வைத்த போர்ட்டுகள் எங்கள் ஊரிலும் கிடக்கின்றன. பூட்டைக் கழற்றுங்கள். இலவச வைத்தியம்.

ஃபைபரில் வேகத்துக்கு வேகம் கதை மாறும். 100 மெகாபிட் ஃபைபரான 100பேஸ்-எஃப்எக்ஸில் ஆட்டோ நெகோஷியேஷன் கிடையாது. எதிர்ப்பக்கத்துக்குப் பிழையைச் சொல்லும் வசதி தரத்தில் இருந்தாலும் அது விருப்பத் தெரிவு, எல்லாப் பெட்டியிலும் இராது. கிகாபிட் ஃபைபரில் ஆட்டோ நெகோஷியேஷன் உண்டு. அது இயங்கும்வரை ஓர் இழை அறுந்தால் இரு பக்கமும் விழும். "லிங்க் வரேல்லை, நெகோஷியேஷனை நிப்பாட்டிப் பாப்பம்" என்று யாராவது நிறுத்தியிருந்தால் அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். நான் பார்த்த ஒருவழிப் பிழைகளில் கன்வேர்ட்டருக்கு அடுத்த குற்றவாளி இந்த ஒரு வரிக் கட்டளைதான். 10 கிகாபிட்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒளி வராத பக்கம் "ரிமோட் ஃபால்ட்" என்று மறு திசையில் சொல்லிவிடும், இரு பக்கமும் உடனே விழும்.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? நடுவில் இன்னொரு பெட்டி இருக்கும் இடங்கள். கன்வேர்ட்டர், வேறொருவரின் கருவி, வாடகை லைன். அடுத்து, ஃபைபர்களைக் கொழுவும் பட்ச் பெனலில் இழைகள் கை மாறிப்போன இடங்கள். அனுப்புவது ஒரு சுவிட்சுக்கும் வாங்குவது இன்னொரு சுவிட்சிலிருந்தும் என்று கொழுவியிருந்தாலும் லைட் எரிய வாய்ப்புண்டு. கடைசியாக, லிங்க் நன்றாக இருந்தும் சுவிட்சின் மூளை உறைந்துபோன இடங்கள்.

இனி யூடிஎல்டி. இது சிஸ்கோவின் சொந்த நெறிமுறை. 2008இல் ஆர்எஃப்சி 5171 என்ற ஆவணமாக எழுதி வெளியிட்டார்கள், ஆனாலும் பொதுத் தரம் ஆகவில்லை. வேலை எளிது. ஒவ்வொரு போர்ட்டும் "நான் இன்னார், எனக்குக் கேட்கும் அயலவர் இன்னார்" என்று 15 செக்கனுக்கு ஒருமுறை சொல்லும். எதிர்ப்பக்கம் அனுப்பும் பட்டியலில் என் பெயர் இல்லையென்றால் நான் பேசுவது அங்கே கேட்கவில்லை என்று அர்த்தம், போர்ட்டை மூடிவிடும். வேறு யாருடைய பெயராவது இருந்தால் இழை கை மாறியிருக்கிறது, அதற்கும் மூடும். கை மாறிய இழையை இவ்வளவு தெளிவாகப் பிடிப்பதில் யூடிஎல்டிக்கு நிகராக இந்தப் பட்டியலில் வேறொன்றும் இல்லை.

இங்கே பலர் வழுக்கும் ஒரு படி இருக்கிறது. முழுச் சுவிட்சுக்கும் பொதுவாக யூடிஎல்டியைப் போட்டால் அது ஃபைபர் போர்ட்டுகளில் மட்டுமே இயங்கும். செப்புப் போர்ட்டுக்கு அந்தந்தப் போர்ட்டில் தனியாகப் போட வேண்டும். கன்வேர்ட்டர் வைத்த இடத்தில் கேபிளின் நடு ஃபைபர்தான், ஆனால் சுவிட்சுக்குத் தெரிவது செப்பு. ஆகவே "போட்டுட்டன்" என்று நிம்மதியாக இருப்பவரின் மிக ஆபத்தான இணைப்பு காவலில்லாமலே கிடக்கும்.

அப்புறம் யூடிஎல்டியின் இரு வகையில் நோர்மலா, அக்ரசிவா? என் கருத்து இதில் புத்தகக் கருத்தோடு கொஞ்சம் மோதும். நோர்மலில், அயலவர் சத்தமில்லாமல் காணாமல் போனால் போர்ட் "தெரியவில்லை" என்று குறித்துக்கொண்டு திறந்தே இருக்கும். தெளிவான சான்று கிடைத்தால்தான் மூடும். அக்ரசிவில், காணாமல் போனவரைச் செக்கனுக்கு ஒருமுறையாக 8 தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்றால் மூடிவிடும். கேட்க அக்ரசிவ்தான் பாதுகாப்பு. ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் போகும். கபானாவில் கரண்ட் போனதும் அங்குள்ள சுவிட்சும் கன்வேர்ட்டரும் சேர்ந்து அணைகின்றன. நேரடி ஃபைபராக இருந்தால் லிங்க் விழும், யூடிஎல்டி அதைச் சாதாரண வீழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் கன்வேர்ட்டர் இருந்தால், கரண்ட் உள்ள இந்தப் பக்கத்துக் கன்வேர்ட்டர் செப்புப் பக்கத்தைப் பச்சையாகவே வைத்திருக்கும். அயலவரைக் காணோம், லிங்க் இருக்கிறது என்றவுடன் அக்ரசிவ் போர்ட்டை எர்-டிசேபிளில், அதாவது பிழை என்று பூட்டிய நிலையில், போட்டுவிடும். ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிடும், போர்ட் வராது. யாராவது உள்ளே போய்த் திறக்கும்வரை கபானா இருட்டுத்தான். தானாகத் திறக்கும் எர்-டிசேபிள் மீட்பைப் போடலாம். போடாவிட்டால் அது இயங்காது, போட்டால் இயல்பு 300 செக்கன். இரவில் ஆளில்லாத இடத்தில் மீட்பைப் போடாமல் அக்ரசிவ் போடுவது, சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது.

சிபியு நூறு வீதத்தில் திணறும்போது யூடிஎல்டிச் செய்திகளும் தாமதமாகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நல்ல இணைப்பும் அக்ரசிவுக்குப் பலியாகலாம்.

வேகம் இன்னொரு குறை. 15 செக்கன் இடைவெளியில் யூடிஎல்டி பழைய ஸ்பானிங் ட்ரீயின் 50 செக்கனுக்குள் மயிரிழையில் முந்திவிடும். அதன் வேகமான வகையான ராப்பிட் ஸ்பானிங் ட்ரீ 3 பிபிடியு தவறும்வரை, அதாவது 6 செக்கன்தான் பொறுக்கும். இடைவெளியை 7க்கு இறக்கினாலும் யூடிஎல்டி பிந்திவிடும். (ராப்பிட் வகையின் புதிய பதிப்புகளில் "டிஸ்பியூட்" என்றொரு பொறி இருக்கிறது. தாழ்ந்த பிபிடியு வரும் திசையைப் பார்த்து, "நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை" என்று தானே மூடிக்கொள்ளும். அதை எல்லாச் சுவிட்சும் ஒழுங்காகச் செய்யும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.)

கொம்பனி மாறினால் யூடிஎல்டி பெரும்பாலும் கை விரித்துவிடும். எச்பியின் பழைய புரோகர்வ் வரிசையிலும் யூடிஎல்டி என்ற பெயரில் ஒன்று உண்டு, சிஸ்கோவினதோடு பேசாது. ஹுவாவேயிலும் எச்3சியிலும் டிஎல்டிபி. டி-லிங்க் டியுஎல்டி என்று 802.3ஏஎச் என்ற பொதுத் தரத்தின் மேல் ஒன்றைக் கட்டியது. இரு முனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால்தான் இவை பேசிக்கொள்ளும். எங்கள் ஊரில் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வாங்கிய நெட்வேர்க் எத்தனை? கொழும்பில் அன்று எது மலிவோ அதுதான் இரவு பஸ்ஸில் வந்து இறங்கும்.

ஸ்பானிங் ட்ரீயின் காவல் வசதியான லூப் கார்ட் வேறு மனிதர். அதற்கு இணைப்பைப் பற்றி அக்கறையில்லை, லூப் வராவிட்டால் போதும். பிபிடியு வந்துகொண்டிருந்த போர்ட்டில் அது நின்றால், போர்ட்டைத் திறப்பதற்குப் பதிலாக "லூப் பிழை" என்று அடைத்து வைக்கும். பிபிடியு மறுபடி வந்ததும் தானாகப் பழைய நிலைக்கு வரும். எதிர்ப்பக்கம் என்ன கொம்பனி என்று அது கேட்பதில்லை, ஏனென்றால் அது பார்ப்பது தன்னிடம் வரும் பிபிடியுவை மட்டும். ஹுவாவே, ஜுனிப்பர் சுவிட்சுகளிலும் "லூப் புரொடெக்ஷன்" போன்ற பெயரில் இருக்கிறது. அன்றிரவு கபானா சுவிட்சில் இது ஒன்று போட்டிருந்தால் நான் வீட்டில் இருந்திருப்பேன்.

குறைகள் உண்டு. தொடக்கத்திலிருந்தே ஒருவழியாகக் கொழுவிய போர்ட்டில் பிபிடியு ஒருபோதும் வந்ததில்லை, எனவே நிற்பதற்கும் ஒன்றுமில்லை. லூப் கார்ட்டுக்கு அது தெரியாது. கை மாறிய இழையும் தெரியாது. பல லிங்கை ஒன்றாகக் கட்டிய ஈதர்சானலில் பிபிடியு ஒரே லிங்கால்தான் போகும். மற்றொரு லிங்க் ஒருவழியானால் அது கண்டுகொள்ளாது. ரூட் கார்ட் என்ற இன்னொரு காவல் வசதியோடு ஒரே போர்ட்டில் சேர்த்துப் போடவும் முடியாது. முக்கோணமோ வளையமோ இல்லாத, ஒரே கொப்பில் தொங்கும் சுவிட்சுக்கு இதனால் பெரிய பயனும் இல்லை. அங்கே ஒருவழிப் பிழை வந்தால் சேவை நிற்கும், லூப் வராது.

கட்டிய லிங்குகளுக்கு, அந்தக் கட்டை இரு பக்கமும் பேசிப் பராமரிக்கும் எல்ஏசிபிதான் என் தெரிவு, அதுவும் வேகமான வகை. பொதுத் தரம் என்பதால் கொம்பனி பேதம் இல்லை. மெதுவான வகையில் 30 செக்கனுக்கு ஒரு செய்தி, 90 செக்கன் பொறுமை. வேகமானதில் செக்கனுக்கு ஒன்று, 3 செக்கன் பொறுமை. எதிராளி தன்னைப் பார்க்கிறாரா என்பது அந்தச் செய்திக்குள்ளேயே இருப்பதால் ஒருவழி லிங்க் கட்டிலிருந்து தானாகக் கழன்றுவிடும், போர்ட் எர்-டிசேபிள் ஆகாது. ஒரே லிங்கை வைத்தும் எல்ஏசிபிக் கட்டு ஒன்று அமைக்கலாம். இரு வேறு கொம்பனிச் சுவிட்சுகளுக்கு இடையில் நான் சில இடத்தில் அப்படித்தான் செய்திருக்கிறேன். பார்ப்பவர் "ஒரு கயிற்றை எதுக்கு முடிஞ்சு வச்சிருக்கிறீங்கள்?" என்று சிரிப்பார், பரவாயில்லை. எல்ஏசிபி இல்லாமல் "ஆன்" என்று கண்ணை மூடிக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஒன்றை மட்டும் பரிசோதியுங்கள். எல்ஏசிபிச் செய்திகள் போகும் முகவரி, இணக்கமான சுவிட்ச் எதுவும் மறுபக்கம் கடத்தக்கூடாத வகை. சில கன்வேர்ட்டர்கள் உள்ளே இரு போர்ட் சுவிட்சாகவே இயங்கும், அவை இதை விழுங்கிவிடலாம். யூடிஎல்டியின் முகவரி அந்த வகையில் இல்லை, பெரும்பாலும் கடந்துவிடும்.

இணைப்பின் நலம் விசாரிக்கும் 802.3ஏஎச் ஓஏஎம் 2004இல் வந்தது. செக்கனுக்கு ஒரு செய்தி, 5 செக்கன் கேட்காவிட்டால் எதிராளி போனார் என்று கணக்கு. இழை பழுது, கரண்ட் போகப்போகிறது என்ற கடைசி மூச்சு எல்லாம் சொல்லும். நல்லதுதான், ஆனால் எல்ஏசிபி போலவே அதுவும் சுவிட்சாக இயங்கும் கன்வேர்ட்டர்வரைதான் பேசும், தாண்டிப் போகாது. ஓஏஎம் தெரிந்த கன்வேர்ட்டர் வாங்கும் ஆளுக்குச் சுவிட்சிலேயே நேரடியாகச் செருகும் ஃபைபர் மொட்யூலான எஸ்எஃப்பி வாங்கவும் காசு இருக்கும். முனைக்கு முனை இணைப்பைச் சோதிக்கும் 802.1ஏஜி சிஎஃப்எம் சேவை வழங்குநரின் விளையாட்டு, ஹோட்டலுக்கு வேண்டாம்.

கிண்ணியாவிலோ மூதூரிலோ கிளை வைத்துக்கொண்டு வாடகை லைனில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் அதிகம் உதவாது. நடுவில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் தொட முடியாது. அங்கே சுவிட்ச் மட்டத்தில் மல்லுக்கட்டாமல் ரவுட்டர் வைத்துப் பிரித்துவிடுங்கள். ரவுட்டர்கள் தமக்குள் வழியைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப், எதிராளியின் ஹலோச் செய்தியில் தன் பெயரைக் கண்டால்தான் இருவழி என்று ஏற்கும். 10 செக்கன் ஹலோ, 40 செக்கன் பொறுமை. அது போதாதென்றால் இணைப்பை வேகமாகச் சோதிக்கும் பிஎஃப்டி சேர்த்தால் ஒரு செக்கனுக்குள் விழும். லூப் என்ற பேச்சே அங்கே எழாது.

இதையெல்லாம் ஒப்பிட்ட பிறகும், கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது எந்த நெறிமுறையையும் அல்ல. கன்வேர்ட்டரைக் கழற்றுங்கள். சுவிட்சில் எஸ்எஃப்பி துளை இருந்தால் ஒற்றை இழைக்கென்றே 1310, 1490 சோடியாக பிஎக்ஸ் எஸ்எஃப்பி இருக்கிறது, போட்ட இழையை மாற்ற வேண்டியதில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இரண்டு அடப்டர் பெட்டியும் அதோடு ஒழியும். நெகோஷியேஷனைத் தொடாமல் விட்டால் ஓர் இழைப் பிழைக்கு இரு பக்கமும் தாமாக விழும். கூடவே, வரும் ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் பார்க்க வழி கிடைக்கும். மாதம் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்து வைத்தால் கேட்கும் எல்லையான −19ஐ நோக்கிச் சரிவது முன்கூட்டியே தெரியும். அணிலும் எலியும் வேலை காட்டுவது அதில்தான் முதலில் தெரிகிறது. (திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் இதில் நிரபராதிகள்.) கன்வேர்ட்டரை விடவே முடியாதென்றால், ஃபைபர் விழுந்தால் செப்பையும் சேர்த்து விழுத்தும் "லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ" உள்ளதாக வாங்கி, அதன் சிறு சுவிட்சை மறக்காமல் தட்டி வையுங்கள். பலர் வாங்கியும் தட்டுவதில்லை.

அடுத்தது இடத்தைப் பொறுத்தது. சிஸ்கோ மட்டுமே உள்ள, ஆள் இருக்கும் அலுவலகத்தில் யூடிஎல்டி நோர்மலும் லூப் கார்ட்டும் சேர்த்து. இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும். கலப்புக் கொம்பனி வளையத்தில் லூப் கார்ட் மட்டும், கட்டு இருந்தால் வேக எல்ஏசிபி. அக்ரசிவை, இரண்டு முனைக்கும் நேரடி ஃபைபர், இரண்டு முனைக்கும் நல்ல யுபிஎஸ், எர்-டிசேபிள் மீட்பு என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டும்.

நிலாவெளி ஹோட்டலில் இரண்டு சுவிட்ச் ஒரு கொம்பனி, கபானாவில் இருப்பது வேறு. எனவே யூடிஎல்டி பற்றி யோசிக்கவே தேவைப்படவில்லை. எஸ்எஃப்பி கொழும்பிலிருந்து வரும்வரை மூன்று சுவிட்சிலும் வளையத்துப் போர்ட்டுகளில் லூப் கார்ட் போட்டோம். போட்டதைச் சோதிக்காமல் வருவது எனக்குப் பிடிக்காது. ஒற்றை இழையில் ஓர் இழையை மட்டும் பிடுங்கிக் காட்டவும் முடியாது. அதனால் கபானா அலுமாரியில் மஞ்சள் பட்ச் கோட்டை ஒரு பேனாவில் மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினேன். பழைய ஜி.652 இழை என்பதால் அது போதும். வளைவுக்கு அசையாத ஜி.657 என்றால் இந்த வித்தை பலிக்காது. கன்வேர்ட்டரில் ஃபைபர் லைட் அணைந்தது. எதிர்முனையில் எரிந்துகொண்டே இருந்தது. அன்றிரவு நடந்த அதே ஒருவழி. 20 செக்கன் கழித்துச் சுவிட்சின் லொக்கில் (நிகழ்வுப் பதிவில்) ஒரு வரி விழுந்தது: போர்ட் லூப் பிழை நிலையில். பேனாவை உருவினேன், சில செக்கனில் இன்னொரு வரி: நீங்கியது.

மனேஜர் பக்கத்தில் நின்று முழு நேரமும் தன் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"இப்ப என்ன நடந்தது தம்பி?"

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "இது வேண்டின நாள்ல இருந்தே சுவிட்சுக்குள்ள இருந்ததோ?"

இருந்தது என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் கேபிள் டைகளை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் போடச் சொல்லி, பெடியனைக் கூப்பிட்டார்.